தப்பு இரண்டாவது சுற்றில்

போன மாதம் இந்தப் பகுதியில் அமெரிக்க ஃபுட்பால் டிராஃப்ட் (அணிகள் வரிசை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் நிகழ்ச்சி) பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே ஒரு இதழை நிரப்பும் போலிருக்கிறது, அதிலும் பாதி சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியைப் பற்றி. அதனால் இந்த முறை சினிமா, அரசியல், சமையல் எதுவும் கிடையாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராஃப்ட் என்பது நம் ஐபிஎல் ஏலம் மாதிரிதானே? (வாசகர், மதுரை)

இல்லை. ஏலத்தில் கையில் பணம் இருக்கும் யாரும் பலகையைத் தூக்கலாம், இங்கே வரிசைதான் எல்லாம். 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன சீசனில் கடைசியாக வந்த அணி முதலில் ஆள் எடுக்கும், சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த அணிக்குச் சுற்றின் கடைசி இடம். கல்லூரியில் ஆடிவிட்டு வரும் பையன்களுக்கு ‘இந்த ஊர் வேண்டாம்’ என்று சொல்லும் வசதி கிடையாது, கூப்பிட்ட அணிக்குப் போகவேண்டியதுதான். சம்பளமும் 2011இலிருந்து எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே முடிவாகிறது. அதற்கு முந்தைய வருடம் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் பேசினார்கள், 2011இல் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு வருடத்துக்கு 22 மில்லியன். ஆக, முதல் சுற்றில் தப்பான ஆளை எடுத்தால் இப்போது போவது பணம் இல்லை, அந்த இடம்தான். அந்த இடத்தை அணிகள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருடத்து இடத்தையும் சேர்த்தே கொடுக்கலாம். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஆபீஸ் கேன்டீனில் வருடக்கணக்காக ஒரே சண்டை. 2021 டிராஃப்டில் பெங்கால்ஸ் ஐந்தாவது ஆளாக, எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜமார் சேஸை எடுத்தார்கள். “அன்றைக்கு டேக்கிள் பெனேய் சூவலை எடுத்திருந்தால் ஜோ பரோ இத்தனை அடி வாங்கியிருப்பாரா?” என்று கேட்கிறார் என் நண்பர், பிறந்ததிலிருந்து பெங்கால்ஸ் ரசிகர். நான் சேஸ் கட்சி. தீர்ப்பு சொல்லுங்கள். (வாசகர், மேசன், ஒஹாயோ)

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், டிராஃப்டுக்கு முந்தைய நாள் வரை நானும் சூவல் கட்சிதான். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். 2020இல் முதல் ஆளாக எடுத்த, பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பரோ, அந்த வருடம் நவம்பரில் வாஷிங்டனோடு ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து ஸ்ட்ரெச்சர் வண்டியில் வெளியே போனார். பந்தை எறிபவரைக் காப்பாற்ற முன்னால் ஐந்து பேர் நிற்பார்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, இரண்டு ஓரத்திலும் டேக்கிள். பெங்கால்ஸின் ஐந்து பேரும் ஓட்டைக் குடை. காம்பவுண்டு சுவர் இடிந்து கிடக்கும் வீட்டுக்கு யாராவது முதலில் பெரிய டிவி வாங்குவார்களா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் டிவிதான் வாங்கினார்கள். சேஸும் பரோவும் 2019இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடியவர்கள், அந்த அணி 15 ஆட்டமும் ஜெயித்துத் தேசிய சாம்பியன் ஆனது, சேஸ் மட்டும் பந்தைப் பிடித்து முன்னேறியது 1,780 கஜம். ஆனால் கொரோனா வருடத்தில் அவர் ஆடவே இல்லை. ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் கைக்கு வந்த பந்தையெல்லாம் கீழே போட்டார். கேட்டதற்கு, கல்லூரிப் பந்தின் இரண்டு முனையிலும் வெள்ளைக் கோடு இருக்கும், இங்கே பந்து முழுக்க ஒரே பழுப்பு, அளவிலும் பெரிது, வருவதைக் கண்ணில் பிடிக்க முடியவில்லை என்று விளக்கம் சொன்னார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், என்னமோ நான் கண்டுபிடித்த உண்மை போல.

செப்டம்பரில் சிரிப்பு நின்றது. அந்த சீசனில் 1,455 கஜம், 13 டச்டவுன் (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது), சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 2022 ஜனவரி 2ஆம் தேதி கான்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 கஜம், அதோடு டிவிஷன் பட்டம். இரண்டு வருடத்துக்கு முன்னால் 16 ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஜெயித்த அணி சூப்பர் பௌல் வரை போய்விட்டது.

சரி, உங்கள் நண்பர் பக்கம் வருகிறேன், அவரிடமும் சரக்கு இருக்கிறது. அந்த சீசனில் எறிவதற்குள் பிடித்துச் சாய்க்கப்பட்ட கணக்கில், அதாவது ‘சாக்’கில், பரோதான் முதலிடம், 51 தடவை. டென்னஸியில் நடந்த ப்ளேஆஃபில் ஒரே ஆட்டத்தில் ஒன்பது. இறுதி ஆட்டத்தில் ஏழு.

அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைத்தான் இரண்டு கட்சியும் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகின்றன. எதிரணி ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. நான்காவது, அதாவது கடைசி முயற்சி, பந்தைக் கையில் வைத்திருக்கத் தேவை ஒரு கஜம். பந்து பரோ கைக்கு வந்த கணமே ராம்ஸின் ஆரன் டொனால்ட் நடுவிலிருந்து பிளந்துகொண்டு வந்து அவரை அப்படியே சுழற்றுகிறார். பரோ விழுந்துகொண்டே எறிந்த பந்து யார் கையிலும் சேராமல் தரையில் விழுகிறது. அதே நொடியில் மைதானத்தின் அந்தக் கோடியில் சேஸைக் காவல் காத்த ஜேலன் ரேம்ஸி தடுமாறிப் பின்தங்க, சேஸ் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால்? உங்கள் நண்பர் டொனால்டைக் காட்டுவார், நீங்கள் சேஸைக் காட்டுவீர்கள். வீடியோ ஒன்றுதான்.

ஆனால் டொனால்ட் எந்த வழியாக வந்தார் என்பதை இரண்டு பேருமே கவனிப்பதில்லை. நடுவிலிருந்து வந்தார். சூவல் ஓரத்தில் நிற்கும் ஆள். 2021 வசந்தத்தில் பெங்கால்ஸுக்கு ஓரங்களில் ஆள் இருந்தது: ஒரு பக்கம் 2019இல் முதல் சுற்றில் எடுத்த ஜோனா வில்லியம்ஸ், இன்னொரு பக்கம் அந்த மார்ச்சில் வெளியிலிருந்து கூட்டி வந்த ரைலி ரீஃப். சூப்பர் ஆட்டக்காரர்கள் என்று சொல்லமாட்டேன், வேலை நடக்கும். ஓட்டை இருந்தது உள்ளே, கார்டு இடத்தில். ஐந்தாவது இடத்தைக் கொடுத்துக் கார்டு எடுக்க யாரும் துணியமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. அதற்குத்தான் இரண்டாவது சுற்று இருக்கிறது.

அந்த இரண்டாவது சுற்றில் என்ன செய்தார்கள்? 38ஆவது இடத்தை நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டு 46க்கு இறங்கினார்கள், பதிலுக்கு நான்காம் சுற்றில் இரண்டு இடம். 46இல் கிளெம்சன் கல்லூரியின் ஜாக்சன் கார்மன். அவர் அங்கே ஆடியது இடது டேக்கிள், இங்கே கார்டாக மாற்றப்போகிறோம் என்றார்கள். எரிகிற வீட்டுக்குத் தண்ணீர் கேட்டால், கிணறு வெட்ட ஆள் வந்தாச்சு என்று சொல்கிற மாதிரி. கார்மன் சில ஆட்டங்கள் தொடங்கினார், இடம் நிலைக்கவில்லை. சூப்பர் பௌல் தொடங்கும்போது வலது கார்டாக வேறு ஆள். இறங்கியதற்குக் கூலியாகக் கிடைத்த நான்காம் சுற்று ஆட்கள் இருவரும் தேறவில்லை. நியூ இங்கிலாந்து 38இல் எடுத்த கிறிஸ்டியன் பார்மோரோ அவர்களுடைய தடுப்பு வரிசையில் நிலைத்துவிட்டார்.

63ஆவது இடம் வரை கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டர் மிச்சம் இருந்தார், சீஃப்ஸ் எடுத்தார்கள், இன்றைக்கு லீகின் சிறந்த சென்டர்களில் ஒருவர். பெங்கால்ஸ் ரசிகர்கள் இதைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொள்வார்கள். இதில் மட்டும் நான் பெங்கால்ஸ் பக்கம், ஏனென்றால் சீஃப்ஸே 58இல் அவரை விட்டுவிட்டு நிக் போல்டனைத்தான் முதலில் எடுத்தார்கள். எடுத்தவனுக்கே முழு நம்பிக்கை இல்லாத ஆளை எடுக்காததற்காக இன்னொருவனை முட்டாள் என்று சொல்ல முடியாது. பெங்கால்ஸின் தப்பு ஹம்ஃப்ரியை விட்டது இல்லை, இந்த வருடமே வேண்டிய கார்டு இடத்துக்கு கார்டு ஆடிப் பழகாத ஒருவரை எடுத்தது. அது டிராஃப்ட் இரவிலேயே தெரிந்த விஷயம், பின்னால் கிடைத்த ஞானம் இல்லை.

பரோவின் பிற்காலக் காயங்களையும் உங்கள் நண்பர் சூவல் கணக்கில் எழுதுவார். 2023இல் மணிக்கட்டு, 2025இல் கால் கட்டைவிரல். அதற்குள் அந்த லைனில் எத்தனையோ புது ஆட்கள் வந்து போய்விட்டார்கள், 2022இல் மட்டும் வெளியிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்தார்கள். 2021 ஏப்ரல் முடிவை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. சூவல் டெட்ராய்ட்டில் அற்புதமாக ஆடுகிறார், 2023இல் ஆல்-ப்ரோ (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள்) முதல் அணியில் இடம் பெற்றார், சந்தேகமே இல்லை. சேஸும் 2024இல் கேட்ச், கஜம், டச்டவுன் மூன்றிலும் லீகில் முதலிடம்: 127, 1,708, 17. ஐந்தாவது இடத்தில் இந்த இருவரில் யாரை எடுத்திருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். நண்பரிடம் சொல்லுங்கள், புகார் சரி, முகவரிதான் தப்பு. 46ஆம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வொரு அணிக்கும் ஏ, பி, சி என்று மார்க் போடுகிறார்களே, நம்பலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே விடைத்தாளைத் திருத்துகிற வேலை அது. 2012இல் சியாட்டில் முதல் மூன்று சுற்றில் எடுத்தது புரூஸ் இர்வின், பாபி வாக்னர், ரஸ்ஸல் வில்சன். மறுநாள் சில விமர்சகர்கள் ஃபெயில் மார்க்கே போட்டார்கள், முக்கியமாக மூன்றாவது சுற்றில் குள்ளமான குவார்ட்டர்பேக் எதற்கு என்று. இரண்டு சீசன் முடிவதற்குள் அதே ஆட்களோடு சூப்பர் பௌலை 43-8 என்று ஜெயித்தார்கள்.

எனக்குப் பிடித்த மார்க் அணிகளே போடுவது. முதல் சுற்று ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாவது வருடம் வேண்டுமா வேண்டாமா என்று மூன்று சீசன் பார்த்த பிறகு மே மாதத்துக்குள் சொல்லவேண்டும். 2021இல் முதல் சுற்றில் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். 2024 மே மாதம் அந்த ஐந்தாவது வருடம் கிடைத்தது டிரெவர் லாரன்ஸ் ஒருவருக்குத்தான். மற்ற நால்வரும் அதற்குள் எடுத்த அணியை விட்டே போயிருந்தார்கள். அந்த நால்வருக்கும் ‘வருங்காலத் தலைவர்’ என்று தலைப்பு போட்டவர்கள் வருடா வருடம் மார்க் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த நால்வரில் ட்ரே லான்ஸுக்காக சான் ஃபிரான்சிஸ்கோ கொடுத்த விலை சரித்திரத்திலேயே பெரிய முட்டாள்தனம் என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா? (வாசகர், சான் ஹோசே)

சரித்திரம் வரை போகவேண்டாம், பெரிய தப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லான்ஸ் சரியாக ஆடவில்லை என்பதால் இல்லை.

12ஆவது இடம், 2022 முதல் சுற்று, 2023 முதல் சுற்று, கூடவே ஒரு மூன்றாம் சுற்று. இத்தனையும் மயாமிக்குக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறினார்கள். எடுத்தது நார்த் டகோட்டா ஸ்டேட் பையன், 2019இல் 28 டச்டவுன் எறிந்து ஒரு பந்தைக்கூட எதிரணிக்குக் கொடுக்காதவர். சரிதான், ஆனால் கல்லூரியில் மொத்தமே 17 ஆட்டம் தொடங்கியவர், 2020இல் ஒன்றே ஒன்று. இவ்வளவு குறைவாகப் பார்த்த ஒருவருக்கு இவ்வளவு விலை. அதுதான் என் புகார், அது 2021 டிராஃப்ட் இரவிலேயே சொல்லக்கூடிய புகார். கணுக்கால் உடைந்தது துரதிர்ஷ்டம். அந்த அணிக்காக நான்கே ஆட்டம் தொடங்கினார், 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு டல்லஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த 12ஆவது இடம் மயாமியிலிருந்து ஃபிலடெல்ஃபியா போய், அங்கிருந்து டல்லஸுக்கு வந்து மைக்கா பார்சன்ஸாக மாறியது. முதல் சீசனிலேயே 13 சாக், சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர். லான்ஸும் 2023இல் டல்லஸ். வாங்கியதும் விற்றதும் ஒரே கடையில் போய் முடிந்தது.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிச்சர்ட் தேலர், பொருளாதார நோபல் வாங்கியவர், கேட் மாஸி என்பவரோடு சேர்ந்து இந்த டிராஃப்டை ஆராய்ந்திருக்கிறார். குவார்ட்டர்பேக், ரிசீவர் என்று ஒரே வேலைக்கு எடுக்கப்படும் ஆட்களில், முதலில் எடுக்கப்பட்டவர் அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். 52 சதவீதம். பூவா தலையா போட்டால் 50. அந்த இரண்டு சதவீதத்துக்காக மூன்று முதல் சுற்றைக் கொடுப்பது எனக்குக் கை நடுங்கும் காரியம்.

2022இல் சான் ஃபிரான்சிஸ்கோ 262ஆவது ஆளாக, மொத்த டிராஃப்டின் கடைசி ஆளாக, எடுத்த ப்ராக் பர்டி அவர்களைச் சூப்பர் பௌல் வரை கூட்டிப்போனார். அதனால் பழைய கடன் அடைந்தது என்கிறார்கள். கடன் அடையவில்லை, லாட்டரி விழுந்தது. அவ்வளவுதான்.

டாம் பிரேடி 199ஆவது ஆள், பர்டி கடைசி ஆள். அப்புறம் எதற்கு முதல் சுற்றுக்கு இத்தனை அலட்டல்? (வாசகர், ஈரோடு)

பிரேடி யார் என்று நியூ இங்கிலாந்துக்குத் தெரிந்திருந்தால் 2000இல் அவருக்கு முன்னால் ஆறு பேரை எடுத்திருப்பார்களா? அந்த ஆறு பேர் பெயரை உங்கள் ஊரில் என்ன, பாஸ்டனிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டு ஒரு வருடத்தில் வீட்டுக்குப் போனவர்களின் பெயரையும் யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை.

சேக்வான் பார்க்லியை 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்தது சரிதான் என்று இப்போது நிரூபணம் ஆகிவிட்டதே? 2024இல் 2,005 கஜம் ஓடினாரே! (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

ஓடினார், ஃபிலடெல்ஃபியாவுக்காக! சூப்பர் பௌலும் அங்கேதான். ஆள் நல்ல ஆளா என்பது ஒரு கேள்வி, அந்த அணி அந்த இடத்தில் அவரை எடுத்தது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி, நீங்கள் இரண்டையும் ஒரே இலையில் போட்டுப் பிசைகிறீர்கள். ஜயன்ட்ஸிடம் அப்போது முன்வரிசை இல்லை, வயதான குவார்ட்டர்பேக். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்குக் கால் தேய்வதற்கு முன்னால் கிடைப்பது சில நல்ல வருடங்கள், அந்த வருடங்களை ஒரு தோற்கும் அணியில் செலவழித்தார்கள், பிறகு 2024இல் புதுச் சம்பளம் பேசி வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அதே டிராஃப்டில் ஏழாவது ஆளாக பஃபலோவுக்கு ஜோஷ் ஆலன் போனார், 32ஆவது ஆளாக பால்டிமோருக்கு லமார் ஜாக்சன். அதைச் சொல்லி ஜயன்ட்ஸை அடிக்க நான் தயாரில்லை, ஆலனின் குறி அப்போது எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஆனால் கூரை இல்லாத வீட்டுக்கு நிலைக்கதவில் வேலைப்பாடு செய்தார்கள் என்று மட்டும் சொல்வேன். நல்ல கதவுதான். பக்கத்து வீட்டுக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அதே 2021இல் பெங்கால்ஸ் ஐந்தாம் சுற்றில் ஒரு உதைப்பவரை எடுத்தார்களே, அது வீண்தானே? (வாசகர், கோயம்புத்தூர்)

எவன் மெக்ஃபெர்சன், 149ஆவது ஆள். அந்த ப்ளேஆஃப் முழுக்க 14 ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) முயன்று 14ம் உள்ளே. டென்னஸியில் கடைசி உதை 52 கஜம், கான்சஸ் சிட்டியில் கூடுதல் நேரத்தில் 31 கஜம், இரண்டும் ஆட்டத்தை முடித்த உதைகள். வீண் என்றால் இப்படி வீணாக்கத் தெரியவேண்டும்.

40 கஜ ஓட்டத்தில் வேகமாக ஓடியவரை எடுப்பது பாதுகாப்பான முடிவு இல்லையா? வேகத்தை அளந்துவிடலாமே. (வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ)

மறுபடியும் பெங்கால்ஸ். டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபொலிஸில் எல்லோரையும் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, எடை தூக்கவிட்டுப் பார்ப்பார்கள். 2017இல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் 40 கஜத்தை 4.22 விநாடியில் ஓடி அதுவரை இருந்த சாதனையை உடைத்தார். பெங்கால்ஸ் ஒன்பதாவது ஆளாக அவரை எடுத்தார்கள். முதல் சீசனில் காயத்தோடு காயமாக மூன்று ஆட்டம் ஆடினார், பிடித்த பந்து ஒன்றுகூட இல்லை. வேகத்தை அளந்துவிடலாம், முழங்காலையும் தோளையும் அளக்க அங்கே மீட்டர் இல்லை.

ராஸுக்கு அடுத்து, பத்தாவது ஆளாக சீஃப்ஸ் எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸை. இதற்காகப் பெங்கால்ஸைத் திட்டாதீர்கள், அவர்களிடம் ஆண்டி டால்டன் இருந்தார், குவார்ட்டர்பேக் தேடவே இல்லை. ராஸின் சாதனை 2024இல் போனது, ஸேவியர் வொர்தி என்ற பையன் 4.21இல் ஓடினார். அவரை எடுத்தது யார் என்று கேட்பீர்கள். சீஃப்ஸ்தான், 28ஆவது ஆளாக.